தினமும் நடப்பதைச் சொல்வது எப்படி? சிம்பிள் பிரசன்ட் டென்ஸ், தொடங்குகிறவர்களுக்காக

ஆங்கிலம் படிக்கத் தொடங்குகிற எல்லோருக்கும் முதல் பாடம் சிம்பிள் பிரசன்ட். முதல் பாடம் என்பதாலோ என்னவோ, அதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: "பிரசன்ட் என்றால் நிகழ்காலம், நிகழ்காலம் என்றால் இப்போது நடப்பது." பள்ளியில் கேட்டாலும் இதே பதில், ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் கேட்டாலும் இதே பதில். குழப்பம் அத்தனையும் இந்த வரியில்தான் தொடங்குகிறது. பட்டம் வாங்கியவர்கள்கூட "ஐ ஆம் கெட்டிங் அப் அட் ஃபைவ் டெய்லி" என்று சொல்கிறார்களே, அது இந்த வரியை நம்பியதால் வந்த வினை.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் இது வெறும் ஏட்டுப் பாடம் இல்லை. கானாடுகாத்தானில் பெரிய வீடுகளைப் பார்க்க வெளிநாட்டார் வருகிறார்கள். ஆத்தங்குடியில் கல், அதாவது தரையில் பதிக்கிற டைல், போடும் பட்டறைகளுக்கு வருகிறார்கள். காரைக்குடியில் பழம்பொருள் கடைகளை ஒன்று விடாமல் ஏறி இறங்குகிறார்கள். அவர்கள் கேட்பதைக் கவனித்துப் பாருங்கள். எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்? இங்கே யார் குடியிருக்கிறார்கள்? இதை எப்படிச் செய்வார்கள்? இந்த பஸ் எங்கே போகும்? எல்லாமே சிம்பிள் பிரசன்ட்டில் வருகிற கேள்விகள். வீட்டைச் சுற்றிக்காட்டுகிறவருக்கும், கல் போடுகிறவருக்கும், கடையில் நிற்கிறவருக்கும் பன்னிரண்டு டென்ஸ் தேவையில்லை. இந்த ஒன்று கையில் இருந்தால் பாதிக்கு மேல் பேசிவிடலாம். அதனால்தான் இதை அவசரப்படாமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

நேரப் பலகையும் ஒலிபெருக்கியும்

ஒரு பேருந்து நிலையத்தில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சுவரில் நேரப் பலகை இருக்கிறது. எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று எழுதியிருக்கிறது. பக்கத்திலேயே ஒலிபெருக்கி. "தேவகோட்டை வண்டி கிளம்பிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் ஏறுங்கள்" என்று ஒருவர் கூவுகிறார்.

ஒலிபெருக்கி சொல்வது அந்த நிமிடத்துக்கு மட்டும் உண்மை. வண்டி போய்விட்டால் அந்த அறிவிப்புக்கு வேலை இல்லை. பலகை அப்படிப்பட்டதில்லை. நடு இரவில் நிலையத்தில் ஒரு வண்டிகூட இல்லாதபோதும் பலகையில் இருப்பது உண்மைதான். நேற்றும் உண்மை, இன்றும் உண்மை, யாராவது நேரத்தை மாற்றும்வரை நாளைக்கும் உண்மை.

சிம்பிள் பிரசன்ட் அந்தப் பலகை. பிரசன்ட் கன்டினியூவஸ், அதாவது "ஐஎன்ஜி" சேர்த்துச் சொல்வது, அந்த ஒலிபெருக்கி.

"த பஸ் கோஸ் டு தேவகோட்டை" என்றால் அது தேவகோட்டை போகிற பஸ். இப்போது அது பணிமனையில் நின்றுகொண்டிருக்கலாம். "த பஸ் இஸ் கோயிங் டு தேவகோட்டை" என்றால் கண்ணெதிரே அது ஓடிக்கொண்டிருக்கிறது. "த பல்லவன் எக்ஸ்பிரஸ் லீவ்ஸ் காரைக்குடி ஏர்லி இன் த மார்னிங்" என்ற வாக்கியத்தை நீங்கள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டும் சொல்லலாம். ரயில் அப்போது எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி அந்த வாக்கியம் ஒன்றும் சொல்லவில்லை.

பலகையில் எழுதத் தகுந்தவை எவை? தினமும், வாரந்தோறும், வருடந்தோறும் திரும்பத் திரும்ப நடப்பவை. சூரியன் கிழக்கே உதிக்கும், நெருப்பு சுடும் என்பது போன்ற மாறாத உண்மைகள். ஒருவருடைய தொழில், ஊர், விருப்பம். இவை எல்லாம் சிம்பிள் பிரசன்ட்டுக்குள் வரும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: சிம்பிள் பிரசன்ட் "இப்போது என்ன நடக்கிறது" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாது. "வழக்கமாக என்ன நடக்கும்" என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

தமிழில் நாம் ஏற்கெனவே இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். தமிழ் பேசுகிறவர்கள் எதனால் இதில் தடுமாறுகிறார்கள் என்பதற்கான காரணம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

எங்கள் ஊரில் ஒரு பிள்ளை தன் அப்பாவின் அம்மாவைப் பற்றி இப்படிச் சொல்லும்: "எங்க அப்பத்தா நாலரைக்கே எந்திரிப்பாக. வாசல் தெளிச்சுக் கோலம் போடுவாக. அப்புறந்தான் காபி குடிப்பாக." எந்திரிப்பாக, போடுவாக, குடிப்பாக என்ற மூன்றும் பள்ளி இலக்கணக் கணக்கில் எதிர்காலம். ஆனால் கேட்கிற யாரும் "நாளைக்கா?" என்று கேட்கமாட்டார்கள். அப்பத்தாவின் அன்றாட வழக்கத்தைச் சொல்கிறது பிள்ளை என்று எல்லோருக்கும் புரியும்.

அதாவது, தமிழில் வழக்கத்தைச் சொல்ல நாம் பெரும்பாலும் கைவைப்பது எதிர்கால வடிவத்தில். வருவேன், போவான், குடிப்பார், ஓடும், திறக்கும். இது இன்று வந்த பழக்கமும் இல்லை. மூன்று காலத்துக்கும் பொதுவாக இருப்பவற்றைச் "செய்யும்" என்கிற வாய்பாட்டில் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியத்தின் வினையியலிலேயே விதி இருக்கிறது. உரையில் வருகிற உதாரணம் "மலை நிற்கும்." நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது, நாளையும் நிற்கும், மூன்றையும் சேர்த்து "நிற்கும்." ஆங்கிலத்தில் இதற்கு நேர் வடிவம்தான் சிம்பிள் பிரசன்ட்.

இப்போது தவறு எப்படி நுழைகிறது என்று பார்க்கலாம். "எந்திரிப்பாக" என்று மனதில் நினைக்கிற பிள்ளை, எதிர்காலம் என்றால் "வில்" என்று படித்திருப்பதால், "ஷி வில் கெட் அப் அட் ஃபோர் தர்ட்டி" என்கிறது. கேட்கிறவருக்கு அது நாளைக்கு நடக்கப்போவதைப் போலக் கேட்கிறது. இன்னொரு பிள்ளை, நிகழ்காலம் என்றால் "கிற" என்று படித்திருக்கிறது. "எழுந்திருக்கிறார்" என்று மாற்றி, அதை "ஷி இஸ் கெட்டிங் அப்" ஆக்குகிறது. கேட்கிறவருக்கு அப்பத்தா இந்த நொடியில் பாயைச் சுருட்டுவது போலக் கேட்கிறது. இரண்டு பிள்ளைகளும் சொல்ல நினைத்தது "ஷி கெட்ஸ் அப் அட் ஃபோர் தர்ட்டி" என்பதைத்தான்.

"கிற" என்ற வடிவமே இரண்டு வேலை செய்கிறது என்பது இன்னொரு சிக்கல். "தம்பி வங்கியில் வேலை செய்கிறான்" என்றால் அது அவனுடைய தொழில். "தம்பி மாடியில் வேலை செய்கிறான், கூப்பிடாதே" என்றால் இப்போது நடக்கிற காரியம். தமிழில் வடிவம் ஒன்றுதான், இடத்தை வைத்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இரண்டு வடிவம்: "ஹி ஒர்க்ஸ் இன் எ பேங்க்", "ஹி இஸ் ஒர்க்கிங் அப்ஸ்டேர்ஸ்." ஆகவே தமிழில் நாம் யோசிக்காமல் விட்டுவிடுகிற ஒன்றை ஆங்கிலம் பேசும்போது ஒவ்வொரு தடவையும் முடிவு செய்தாக வேண்டும்.

"இல்லை" போட்டுப் பாருங்கள்

இதை முடிவு செய்ய நல்ல வழி ஒன்று தமிழிலேயே இருக்கிறது. வாக்கியத்தை எதிர்மறையாக்கிப் பாருங்கள்.

"காபி குடிக்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்கிறார். இதற்கு "குடிப்பதில்லை" என்றும் சொல்லலாம், "குடிக்கவில்லை" என்றும் சொல்லலாம். இரண்டும் ஒன்றா? இல்லவே இல்லை. "குடிப்பதில்லை" என்றால் அந்தப் பழக்கமே கிடையாது. "குடிக்கவில்லை" என்றால் இப்போது குடிக்கவில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் வந்தால் குடிக்கலாம். முதலாவது "ஐ டோன்ட் டிரிங்க் காபி." இரண்டாவது "ஐ ஆம் நாட் டிரிங்கிங் காபி."

எதிர்மறை "வதில்லை", "பதில்லை" என்று முடிந்தால் ஆங்கிலத்தில் சிம்பிள் பிரசன்ட். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் முக்கால்வாசித் தவறு நின்றுவிடும்.

பேச்சில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். "நான் கறி சாப்பிடமாட்டேன்" என்று சொல்கிறோம். "மாட்டேன்" என்பதால் "ஐ வில் நாட் ஈட் மீட்" என்று போட்டால், விருந்துக்குக் கூப்பிட்டவரிடம் அடம் பிடிப்பது போல ஆகிவிடும். எழுத்துத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள்: "நான் கறி சாப்பிடுவதில்லை." பொருள் மாறவில்லை. அப்படியானால் "ஐ டோன்ட் ஈட் மீட்." அதேபோல "இந்த பஸ் கோவிலூர் போகாது" என்பதை "போவதில்லை" என்று மாற்றலாம். ஆகவே "திஸ் பஸ் டஸன்ட் கோ டு கோவிலூர்."

சுருக்கமாக: "வேன்", "பேன்", "உம்" என்று முடிகிற தமிழ் வினை வழக்கத்தைச் சொன்னால் சிம்பிள் பிரசன்ட். "கிற" வந்தால் சந்தேகம். சந்தேகம் வந்தால் "வதில்லை" போட்டுப் பார்க்க வேண்டும்.

தெரியும், பிடிக்கும், வேண்டும்

சில வினைகள் செயலைச் சொல்வதில்லை. மனதின் நிலையையோ கையில் இருப்பதையோ சொல்கின்றன. இவற்றை நிலைவினை என்று வைத்துக்கொள்வோம். நோ, லைக், வான்ட், நீட், ஹேவ், அண்டர்ஸ்டாண்ட் என்பவை இந்தக் கூட்டம். இவற்றை, "இப்போது" என்று சொல்லும்போதுகூட, சிம்பிள் பிரசன்ட்டில்தான் சொல்ல வேண்டும். "ஐ ஆம் நோயிங்" கிடையாது, "ஐ நோ." "ஐ ஆம் ஹேவிங் எ பிரதர்" கிடையாது, "ஐ ஹேவ் எ பிரதர்." "ஐ ஆம் ஹேவிங் லன்ச்" சரி, ஏனென்றால் அங்கே "ஹேவ்" என்பது சாப்பிடுவது என்கிற செயல்.

தமிழிலும் தெரியும், பிடிக்கும், வேண்டும் என்பவை "உம்" என்றே முடிகின்றன என்பதைப் பாருங்கள். புரிகிறது, இருக்கிறது என்ற இரண்டில்தான் "கிற" வந்து ஏமாற்றும். "புரிகிறது" என்பதற்கு "ஐ ஆம் அண்டர்ஸ்டாண்டிங்" வேண்டாம். "ஐ அண்டர்ஸ்டாண்ட்" போதும்.

இன்னொன்று: தமிழில் "எனக்குப் பிடிக்கும்", "அவனுக்குத் தெரியும்" என்று "கு" போடுகிறோம். ஆங்கிலத்தில் அந்த ஆள் நேராக முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வார். "ஐ லைக் கந்தரப்பம்." "ஹி நோஸ் த வே."

அந்த ஒற்றை எஸ்

தமிழ் வினையின் வாலைப் பாருங்கள். போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார், போகிறது, போகிறோம், போகிறீர்கள், போகிறார்கள், போகின்றன. ஆளுக்கு ஒரு வால். இத்தனையையும் ஒரு பிழையில்லாமல் மூன்று வயதுப் பிள்ளை பேசுகிறது. ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் சேர்த்து இரண்டே வடிவம்: கோ, கோஸ். ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் வால்கள் அதிகம். "தவ் கோயெஸ்ட்", "ஹி கோயெத்" என்று பழைய பைபிள் மொழிபெயர்ப்புகளில் இன்றும் பார்க்கலாம். அவையெல்லாம் தேய்ந்து, இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு எஸ்.

அந்த எஸ் யாருக்கு? ஹி, ஷி, இட் என்ற மூவருக்கும், அவர்களுடைய இடத்தில் வருகிற எந்த ஒற்றை ஆளுக்கும் ஒற்றைப் பொருளுக்கும். ஐ, யூ, வி, தே என்ற நால்வருக்கும் எஸ் கிடையாது. "ஐ ஒர்க், யூ ஒர்க், வி ஒர்க், தே ஒர்க்." "ஹி ஒர்க்ஸ், ஷி ஒர்க்ஸ், மை பிரதர் ஒர்க்ஸ், த மெஷின் ஒர்க்ஸ்."

நம் பக்கம் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, அது மரியாதை. அப்பாவை இங்கே அப்பச்சி என்போம். "அப்பச்சி வர்றாக", "அவங்க சொல்றாக" என்று ஒருவரையே பலராக்கிப் பேசுவது நம் வளர்ப்பு. அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், அம்மாவைப் பற்றிப் பேசும்போது "தே" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கிறவர், எத்தனை பேர் என்று திகைப்பார். ஆங்கில வினையில் மரியாதைக்கு இடமில்லை. அப்பச்சியாக இருந்தாலும், மாவட்ட ஆட்சியராக இருந்தாலும், ஒருவர் என்றால் எஸ்தான். "மை ஃபாதர் கம்ஸ் ஹோம் அட் செவன்." இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, கூச்சப்படவும் வேண்டாம்.

பெயர்ச்சொல்லில் வருகிற எஸ் வேறு, அது பன்மை. "த பாய் பிளேஸ்", "த பாய்ஸ் பிளே." ஒரு பையன் என்றால் எஸ் வினையில் நிற்கிறது, பல பையன்கள் என்றால் எஸ் பெயருக்குப் போய்விடுகிறது. தொடங்குகிறவர்கள் இரண்டிலும் போட்டுவிடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

எழுத்துக்கூட்டலை வேகமாகப் பார்த்துவிடலாம். பெரும்பாலான வினைகளுக்கு வெறும் எஸ். எஸ், எஸ்எச், சிஎச், எக்ஸ், ஓ என்று முடிந்தால் இஎஸ்: வாஷ், வாஷஸ், வாட்ச், வாட்ச்சஸ், கோ, கோஸ். மெய்யெழுத்துக்குப் பின் ஒய் வந்தால் அந்த ஒய் போய் ஐஇஎஸ் வரும்: கேரி, கேரீஸ். உயிரெழுத்துக்குப் பின் ஒய் வந்தால் மாற்றம் இல்லை: பிளே, பிளேஸ். "ஹேவ்" மட்டும் "ஹேஸ்" ஆகும். எழுதும்போது இதை எல்லோரும் சரியாகப் போடுகிறார்கள், பேசும்போது விழுங்கிவிடுகிறார்கள். அதனால் வாய்விட்டுப் படித்துப் பழகுவது முக்கியம். கடைசி ஒலி காதில் விழ வேண்டும்.

ஆம், இஸ், ஆர் எங்கே வரும்?

"நான் ஆசாரி." "இது பர்மாத் தேக்கு." தமிழில் இவை வினையே இல்லாத முழு வாக்கியங்கள். ஆங்கில வாக்கியம் வினை இல்லாமல் நிற்காது. அதனால் ஆம், இஸ், ஆர் என்ற மூன்றில் ஒன்றைப் போட்டு நிறுத்துகிறோம். "ஐ ஆம் எ கார்பென்டர்." "திஸ் இஸ் பர்மா டீக்." "தே ஆர் ஓல்ட் பில்லர்ஸ்." இதுவும் சிம்பிள் பிரசன்ட்தான்.

இதைப் படித்த உற்சாகத்தில் எல்லா இடத்திலும் "ஆம்" போடுகிறவர்கள் உண்டு: "ஐ ஆம் கோ டு மார்க்கெட்." அங்கே "கோ" என்ற வினை ஏற்கெனவே இருக்கிறது, இன்னொன்றுக்கு வேலை இல்லை. "ஐ கோ டு த மார்க்கெட்." ஒன்று "ஆம்" இருக்க வேண்டும், அல்லது வேறு வினை இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அடுத்த வினையில் "ஐஎன்ஜி" வந்தே தீரும், அப்போது அது ஒலிபெருக்கி வாக்கியமாகிவிடும்.

கேள்வி கேட்கும்போது எஸ் எங்கே போகிறது?

தமிழில் கேள்வி கேட்பது சுலபம். வினையின் கடைசியில் "ஆ" சேர்த்தால் முடிந்தது. வருவார், வருவாரா? ஆங்கிலத்தில் கேள்விக்கு முன்னால் ஒரு துணைச்சொல் வர வேண்டும். அந்தத் துணைச்சொல்தான் "டூ." அதற்கு இங்கே தனிப் பொருள் எதுவும் இல்லை, கேள்வியையும் மறுப்பையும் தூக்கிப்பிடிப்பதே அதன் வேலை. "யூ லிவ் ஹியர்" என்பது "டூ யூ லிவ் ஹியர்?" ஆகும்.

இனி ஹி, ஷி, இட் வந்தால்? "ஹி லிவ்ஸ் ஹியர்." இதில் வினையின் வாலில் எஸ் இருக்கிறது. கேள்வியாக்க "டூ" வந்தவுடன், அந்த எஸ் வினையை விட்டுக் கழன்று "டூ"வில் போய் ஒட்டிக்கொள்கிறது. "டூ" என்பது "டஸ்" ஆகிறது, "லிவ்ஸ்" என்பது வெறும் "லிவ்" ஆகிறது. "டஸ் ஹி லிவ் ஹியர்?" மறுப்பிலும் இதே கதைதான். "ஹி டஸன்ட் லிவ் ஹியர்."

ஒரு வினைக்கு ஒரே எஸ்தான் கிடைக்கும். அது "டஸ்"ஸுக்குப் போய்விட்டால் வினையில் மறுபடி இருக்க முடியாது. "டஸ் ஹி லிவ்ஸ்", "ஹி டஸன்ட் லிவ்ஸ்" என்பவை ஏன் தவறு என்பதற்கு இதுதான் காரணம். விதியாக மனப்பாடம் செய்தால் பதற்றத்தில் மறந்துபோகும். எஸ் இடம் பெயர்கிறது என்று புரிந்துகொண்டால் மறக்காது.

ஆம், இஸ், ஆர் உள்ள வாக்கியத்துக்கு "டூ" தேவையில்லை. அவை தாமே முன்னால் போய் நின்றுகொள்ளும். "இஸ் திஸ் ஹவுஸ் ஓல்ட்?" அவ்வளவுதான். எங்கே, எப்போது, ஏன் என்று கேட்டால், அந்தச் சொல் எல்லாவற்றுக்கும் முன்னால் வரும்: "வேர் டஸ் திஸ் பஸ் கோ?"

ஆல்வேஸ், யூஷுவலி, சம்டைம்ஸ், நெவர் போன்ற சொற்கள் வழக்கமாக வினைக்கு முன்னால் வரும், ஆம், இஸ், ஆர் இருந்தால் அவற்றுக்குப் பின்னால் வரும். "ஷி ஆல்வேஸ் கெட்ஸ் அப் ஏர்லி." "ஷி இஸ் ஆல்வேஸ் பிஸி." தமிழில் "ஒருபோதும் போவதில்லை" என்று இரண்டு இடத்தில் மறுப்பு வரும். ஆங்கிலத்தில் "நெவர்" ஒன்றே போதும்: "ஐ நெவர் கோ." அதோடு "டோன்ட்" சேர்க்கக் கூடாது.

இந்தப் பகுதியில் நினைவில் நிற்க வேண்டியவை இரண்டு. கேள்விக்கும் மறுப்புக்கும் "டூ" வரும். "டஸ்" வந்தால் வினை மொட்டையாக நிற்கும்.

ஆத்தங்குடிக் கல்லை வைத்து ஒரு பயிற்சி

ஒரு பொருள் எப்படித் தயாராகிறது என்று சொல்வதைவிட நல்ல பயிற்சி இந்த டென்ஸுக்கு இல்லை. ஆத்தங்குடியில் கல் போடுகிறவரை எடுத்துக்கொள்வோம். முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்.

மேசை மேல் ஒரு கண்ணாடித் துண்டை வைப்பார். அதன்மேல் ஒரு சட்டத்தை வைப்பார். சட்டத்துக்குள் பூ வேலை உள்ள அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நிறத்தில் சிமெண்டுக் குழம்பை ஊற்றுவார். அச்சைத் தூக்குவார். மேலே காய்ந்த மணலும் சிமெண்டும் கலந்து தூவுவார். அப்புறம் ஈரக் கலவையைப் பரப்பி மட்டம் செய்வார். கல்லைக் காயவைப்பார், சில நாள் தண்ணீரில் போட்டு வைப்பார். கண்ணாடி பட்ட பக்கம்தான் பளபளப்பாக வரும்.

வைப்பார், ஊற்றுவார், தூக்குவார், தூவுவார். எல்லாம் அப்பத்தா கோலம் போட்ட அதே வடிவம். இப்போது ஆங்கிலத்தில், ஒவ்வொரு எஸ்ஸையும் காதில் விழும்படி:

"ஹி புட்ஸ் எ கிளாஸ் ஷீட் ஆன் த டேபிள். ஹி பிளேசஸ் எ ஃப்ரேம் ஆன் இட். ஹி போர்ஸ் த கலர்ஸ் இன்டு த மோல்ட். ஹி லிஃப்ட்ஸ் த மோல்ட். ஹி ஸ்பிரிங்கிள்ஸ் டிரை சேண்ட் அண்ட் சிமென்ட். ஹி ஸ்பிரெட்ஸ் வெட் சிமென்ட் ஆன் டாப். ஹி டிரைஸ் த டைல். ஹி கீப்ஸ் இட் இன் வாட்டர் ஃபார் எ ஃபியூ டேஸ். த கிளாஸ் கிவ்ஸ் த டைல் இட்ஸ் ஷைன்."

இதைச் சரளமாகச் சொல்ல வந்ததும், ஆளை மாற்றுங்கள். கல் போடுகிறவரே பேசுவதாக "ஐ" வைத்து ஒரு முறை. எல்லா எஸ்ஸும் உதிர்ந்துவிடும்: "ஐ புட் எ கிளாஸ் ஷீட்", "ஐ போர் த கலர்ஸ்." பிறகு "தே" வைத்து ஒரு முறை. அப்புறம் ஒவ்வொரு வாக்கியத்தையும் கேள்வியாக்குங்கள்: "டஸ் ஹி போர் த கலர்ஸ் ஃபர்ஸ்ட்?" பிறகு மறுப்பு: "ஹி டஸன்ட் யூஸ் எ பிரஷ்." "ஹி" என்று தொடங்குகிற எட்டு வாக்கியத்திலிருந்து நாற்பது வாக்கியம் கிடைத்துவிடும். தனியாக வேறு பயிற்சிப் புத்தகம் வேண்டியதில்லை.

இங்கேயே கன்டினியூவஸுக்கும் இடம் உண்டு. விருந்தாளி பட்டறைக்குள் நிற்கிறார், அவர் கண்முன்னால் பச்சைக் குழம்பு அச்சுக்குள் இறங்குகிறது. அப்போது "லுக், ஹி இஸ் போரிங் த கிரீன் கலர்" என்பதுதான் சரி. முறையை விளக்கினால் "ஹி போர்ஸ்", கண்ணால் பார்ப்பதைச் சுட்டினால் "ஹி இஸ் போரிங்." ஆள் ஒருவர், வேலை ஒன்று. சொல்கிறவர் என்ன சொல்ல வருகிறார் என்பதில்தான் வித்தியாசம்.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வாசல்

இரண்டு பேர் சேர்ந்து இதைப் பேசிப் பழகலாம். ஒருவர் விருந்தாளி, ஒருவர் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்.

"வாட் டைம் டஸ் த ஹவுஸ் ஓப்பன்?"
"இட் ஓப்பன்ஸ் அட் நைன்."
"டூ யூ லிவ் ஹியர்?"
"நோ, ஐ டோன்ட் லிவ் ஹியர். ஐ ஒர்க் ஹியர்."
"டஸ் த ஃபேமிலி லிவ் ஹியர்?"
"நோ, தே லிவ் இன் சென்னை. தே கம் ஃபார் வெட்டிங்ஸ் அண்ட் ஃபெஸ்டிவல்ஸ்."
"டஸ் த ஹவுஸ் ஹேவ் எ கிச்சன்?"
"எஸ், இட் ஹேஸ் எ பிக் கிச்சன் அட் த பேக்."

கடைசிக் கேள்வியில் "ஹேவ்" என்றும் பதிலில் "ஹேஸ்" என்றும் வந்திருப்பதைப் பாருங்கள். கேள்வியில் எஸ்ஸை "டஸ்" வாங்கிக்கொண்டது. பதிலில் "டஸ்" இல்லாததால் வினைக்கே திரும்பி வந்துவிட்டது.

நீங்களே செய்து பாருங்கள்

கீழே உள்ள ஆறையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். விடையை அப்புறம் படியுங்கள்.

இந்த பஸ் குன்றக்குடி போகுமா?
எங்க ஐயா (தாத்தா) டீ குடிக்கமாட்டாக.
டீச்சருக்குப் பணியாரம் பிடிக்கும்.
தம்பி தூங்குகிறான், சத்தம் போடாதே.
கடை ஞாயிற்றுக்கிழமை திறக்காது.
நாளைக்குச் சந்தைக்குப் போவேன்.

முதலாவது "டஸ் திஸ் பஸ் கோ டு குன்றக்குடி?" இரண்டாவதில் "குடிப்பதில்லை" என்று மாற்றினால் பொருள் அப்படியே நிற்கிறது, ஐயா ஒருவர்தான், ஆகவே "மை கிராண்ட்ஃபாதர் டஸன்ட் டிரிங்க் டீ." மூன்றாவதில் "கு" போட்ட டீச்சர் முன்னால் வந்து எஸ்ஸையும் வாங்கிக்கொள்கிறார்: "த டீச்சர் லைக்ஸ் பணியாரம்." நான்காவது இந்த நிமிடத்துச் செய்தி, அதனால் "மை பிரதர் இஸ் ஸ்லீப்பிங்." ஐந்தாவது பலகையில் எழுதி மாட்டத் தகுந்தது: "த ஷாப் டஸன்ட் ஓப்பன் ஆன் சண்டேஸ்." ஆறாவதில் "போவேன்" என்று இருந்தாலும், "நாளைக்கு" என்ற சொல் ஒரே ஒரு தடவை நடக்கப்போவதைக் காட்டுகிறது. இங்கே "ஐ வில் கோ டு த மார்க்கெட் டுமாரோ" என்பதே சரி. "வாராவாரம் போவேன்" என்று இருந்திருந்தால் "ஐ கோ டு த மார்க்கெட் எவரி வீக்."